ஏற்காட்டில் டென்னிஸ் பந்து ஏன் கோட்டைத் தாண்டுகிறது?

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. சேலத்தில் டென்னிஸ் பழகிய ஒருவர் அதே மட்டையோடும் அதே பந்தோடும் ஏற்காட்டில் ஆடினால், கீழே கோட்டுக்குள் விழுந்த அடிகளில் பல மேலே கோட்டைத் தாண்டி விழும். அவருடைய கையில் குறை ஏதும் இல்லை, மாறியிருப்பது காற்று.

ஆட்டத்தின் அடிப்படை எளியது. ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், அகலம் ஒற்றையர் ஆட்டத்துக்கு 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97 மீட்டர். குறுக்கே கட்டிய வலை கம்பங்களின் அருகே 1.07 மீட்டரும் நடுவில் 0.914 மீட்டரும் உயரம் கொண்டது. எதிராளி அடித்த பந்து நம் பக்கத்தில் இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் அதை வலைக்கு மேலாகத் திருப்பி, அவருடைய களத்துக்குள் விழச் செய்ய வேண்டும். கோட்டைத் தொட்டு விழுந்தாலும் அது உள்ளே விழுந்ததாகவே கொள்ளப்படும். புள்ளிகள் 15, 30, 40 என ஏறி ஒரு கேமில் முடியும். இருவரும் 40-இல் நின்றால் அது டியூஸ், அதன்பின் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகளை எடுப்பவருக்கே கேம். குறைந்தது இரண்டு கேம் முன்னிலையோடு ஆறு கேம்களை வென்றவர் செட்டை வெல்கிறார்; 6-6 என்று சமமானால் பெரும்பாலும் டைபிரேக் என்னும் தீர்மான ஆட்டம் ஆடி முடிவு செய்கிறார்கள்.

ஒவ்வொரு புள்ளியும் சர்வில்தான் தொடங்குகிறது. இயற்பியலும் அங்கேதான் மிகுதியாக இருக்கிறது. பின்கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்தைத் தூக்கிப் போட்டு, அது தரையில் விழுமுன் அடித்து, எதிர்ப்பக்கத்தில் மூலைவாட்டாக உள்ள கட்டத்துக்குள் இறக்க வேண்டும். இதற்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. அந்தக் கட்டம் வலையிலிருந்து 6.40 மீட்டரில் முடிந்துவிடுகிறது. கட்டத்தின் கடைசிக் கோட்டிலிருந்து வலையின் நடு உச்சியைத் தொட்டு ஒரு நேர்கோடு இழுத்தால், அது அடிப்பவரின் பின்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேரும். அதாவது, பந்து வளையாமல் நேராகவே பறக்குமானால், அதைவிட உயரத்தில் மட்டையை எட்ட முடியாத எவராலும் ஒரு சர்வைக்கூட உள்ளே போட முடியாது. நம்மில் பெரும்பாலோர் சர்வ் போட முடிவதற்குக் காரணம், பந்தின் பாதையை மூன்று விசைகள் கீழ்நோக்கி வளைத்துக் கொடுப்பதுதான்.

முதலாவது புவியீர்ப்பு. இரண்டாவது காற்றின் தடை. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பந்தைக் காற்று பின்னோக்கித் தள்ளும் விசை, அந்தப் பந்தின் எடையைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். பந்து மெதுவாவதால், அது விழுவதற்குப் புவியீர்ப்புக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மூன்றாவது சுழற்சி. மட்டையைக் கீழிருந்து மேலாக உரசி டாப்ஸ்பின் கொடுத்தால், பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்வினையாகப் பந்து கீழே அழுத்தப்படுகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். விம்பிள்டனில் முதல் போட்டி நடந்த அதே 1877-இல், இயற்பியலாளர் ரேலி பிரபு டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பறத்தலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்பது இந்த ஆட்டத்தை நேசிப்பவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்த மூன்றில் பின்னிரண்டும் காற்றின் அடர்த்தியை நம்பியிருப்பவை. ஏற்காட்டின் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. மலையின் குளிர்ச்சியையும் கணக்கில் சேர்த்தால் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைகிறது. மேற்சொன்ன சர்வ் சேலத்தில் கட்டத்தின் கோட்டை அடையும்போது அதன் வேகம் தோராயமாக 130 கிலோமீட்டராகக் குறைந்திருந்தால், ஏற்காட்டில் அது 135 அளவில் இருக்கும். பந்து சீக்கிரம் போய்ச் சேருகிறது, டாப்ஸ்பின்னின் அழுத்தமும் தளர்கிறது. இரண்டும் சேர்ந்து பந்தைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுகின்றன.

பந்தின் உள்ளேயும் ஒரு மாற்றம் நடக்கிறது. மலையேறும் பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதை அனைவரும் பார்த்திருப்போம். வெளியழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்ட டென்னிஸ் பந்துக்கும் அதே நிலைதான். ரப்பர் ஓடு கெட்டியானது என்பதால் அது உப்புவதில்லை, விறைப்பாகிறது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டால் வழக்கமான பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. கீழே இந்த வரம்புக்குள் நின்ற பந்து மேலே அதற்கும் மேல் எழும்பக்கூடும்.

ஆனால் குளிர்ந்த காலை வேளையில் ஒரு விசித்திரம் உண்டு. சேலத்தின் 37 டிகிரி வெயிலிலிருந்து ஏற்காட்டின் 20 டிகிரிக்குப் பந்து வந்தால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, உயரத்தால் கூடிய விறைப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. ஆகவே பந்தைத் தரையில் தட்டிப் பார்த்து, எல்லாம் சேலத்தில் போலவே இருக்கிறது என்று முடிவு செய்வது சரியாகாது. எழும்பல் ஒத்திருந்தாலும் பறக்கும் தூரம் ஒத்திருக்காது. பனிமூட்டத்தில் ஆடினால் பந்தின் மேலுள்ள பஞ்சுத்துணி ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பன்னாட்டு டென்னிஸ் விதிகள் 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று தனியாக இரண்டு வகைப் பந்துகளை அனுமதிக்கின்றன. ஒன்று, 122 முதல் 135 சென்டிமீட்டர் வரை மட்டுமே எழும்பும் பந்து. மற்றொன்று, உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே அழுத்தம் கொண்டது. இதைப் போட்டி நடக்கும் உயரத்திலேயே 60 நாட்களாவது வைத்திருந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். ஏற்காடு இந்த உயர வரம்பைத் தெளிவாகத் தாண்டி நிற்கிறது. அத்தகைய பந்து கிடைக்காதபோது, மட்டையின் நரம்பைச் சற்று இறுக்கிக் கட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டாப்ஸ்பின்னைக் கூட்டி, கோட்டுக்கு ஓரடி உள்ளே குறிவைக்கலாம். மலையில் பழகியவர் சேலத்துக்கு இறங்கி வரும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: அவருடைய பந்துகள் வலையில் விழும், ஆகையால் வலைக்கு மேலே இன்னும் சற்று உயர்த்தி அடிக்க வேண்டும்.