‘சிங்கிள் விண்டோ’: சாளரமா, தாக்கலா?

‘சிங்கிள் விண்டோ’வைத் தமிழில் ‘ஒற்றைச் சாளரம்’ என்கிறோம். தமிழ்நாட்டில் அப்படிச் சொன்னால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பொறியியல் கலந்தாய்வு. துறைமுகத்தில் இதே சொல்லுக்கு வேறு வேலை. இறக்குமதியாளர் தன் சரக்கின் விவரத்தைச் சுங்கத்துக்கு ஒரு முறை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு முறை, தாவர நோய்த்தடுப்பு நிலையத்துக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்காமல், கணினியில் ஒரே தடவை பதிந்தால் போதும் என்பதே இங்கே பொருள். யார் யாருக்கு எந்த விவரம் போக வேண்டுமோ, அதைக் கணினியே பிரித்து அனுப்பும்.

சிங்கப்பூர் 1989-இல் ‘டிரேட்நெட்’ என்ற பெயரில் இதை நாடு முழுமைக்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐ.நா.வின் வணிக எளிமையாக்க அமைப்பு 2005-இல் வெளியிட்ட 33ஆம் பரிந்துரை இதற்கு வரையறை தந்தது. அதில் மூன்று கூறுகள் உண்டு: விவரம் தரப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும், நுழைவிடம் ஒன்றாக இருக்க வேண்டும், மின்னணு முறையென்றால் ஒரு தரவை ஒரு முறைதான் கேட்க வேண்டும். மூன்றாவதுதான் இதன் உயிர். இந்தியச் சுங்கத்துறை 2016 ஏப்ரல் 1 முதல் ‘ஸ்விஃப்ட்’ என்ற பெயரில் இதை நடத்துகிறது. உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தபோது அதிலும் இதற்கென ஒரு பிரிவு இருந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘விண்டோ’ பழைய நார்ஸ் மொழியின் ‘விண்டௌகா’விலிருந்து வந்தது, காற்றுக்கண் என்று பொருள். தமிழில் இதற்கு நேரான பழஞ்சொல் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார்த் துறைமுக நகரின் மாளிகைகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர்’ என்கிறது. காற்றும் கண்ணும் அங்கேயும் சேர்ந்தே வருகின்றன. நாம் அன்றாடம் சொல்லும் ஜன்னலோ போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ‘ஜனேலா’.

ஆனால் சுங்கத்தின் ‘விண்டோ’ காற்று வரும் வழியல்ல. அலுவலக முகப்பில் காகிதத்தை உள்ளே நீட்டும் சிறு திறப்பு. பிரெஞ்சுக்காரர்கள் ‘கிஷே யுனிக்’ என்று அந்தத் திறப்பையே சொல்கிறார்கள். சாளரம் என்ற சொல் இந்தப் பொருளைத் தானாகத் தருவதில்லை. அதனால்தான் பலர் இதை ஓர் இணையதளம் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு கொள்கலன் துவரையை எடுத்துக்கொள்வோம், எடை 24 டன். இறக்குமதியாளருக்காகச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் முதலில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், தாவர நலச் சான்றிதழ் ஆகியவற்றை மின்கையொப்பமிட்டு, சுங்கத்தின் ஆவணப் பதிவேற்ற வசதியான ‘இ-சஞ்சித்’தில் ஏற்றுவார். ஒவ்வொன்றுக்கும் ஐ.ஆர்.என். என்ற ஆவணக் குறிப்பு எண் வரும். பிறகு சுங்கத்தின் ‘ஐஸ்கேட்’ இணையதளம் வழியாக பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி விவரப் படிவத்தைத் தாக்கல் செய்யும்போது அந்த எண்களைக் குறிப்பிடுவார். அதிலேயே மற்ற அலுவலகங்களுக்கு வேண்டிய விவரங்களும் அடங்கிவிடும். எந்தச் சரக்கைச் சோதிப்பது, எதில் மாதிரி எடுப்பது என்பதை இடர் மதிப்பீட்டு மென்பொருள் முடிவு செய்யும். இசைவுகள் கணினியிலேயே வந்து, வரியும் கட்டியானதும், சரக்கை வெளியே எடுக்கச் சுங்கம் தரும் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ அனுமதி கிடைக்கும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் தட்டச்சில்தான். துவரையின் எட்டு இலக்கக் குறியீடு 07136000. முதல் ஆறு இலக்கம் உலகப் பொது, கடைசி இரண்டு இந்தியாவுடையது. எந்த அலுவலகத்துக்குச் செய்தி போக வேண்டும் என்பதற்கு இந்தக் குறியீடே அடிப்படை. அது தப்பினால் போக வேண்டிய இடத்துக்குச் செய்தி போகாமலே நின்றுவிடலாம். அலகிலும் அப்படித்தான்: 24 என்று போட்டு எம்.டி.எஸ். (டன்) என்பதற்குப் பதில் கே.ஜி.எஸ். (கிலோ) தேர்ந்தெடுத்தால், பதிவில் இருப்பது 24 கிலோ, சான்றிதழில் இருப்பது 24,000 கிலோ. இன்னொன்று பி.எல். எண், அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதின் (பில் ஆஃப் லேடிங்) எண். ஆங்கில ‘ஓ’ எழுத்தும் சுழியமும் இடம் மாறினால், கப்பலில் வரும் சரக்குகளைப் பட்டியலிட்டுக் கப்பல் நிறுவனம் சுங்கத்துக்குக் கொடுத்த ஐ.ஜி.எம்.மோடு பொருந்தாது. பிழை ஐ.ஜி.எம்.மில் இருந்தால் ஏஜென்ட் திருத்த முடியாது, கப்பல் நிறுவனம்தான் திருத்தம் கோர வேண்டும். அதுவரை கொள்கலன் யார்டில் கிடக்கும், வாடகை ஏறும்.

காலக்கெடுவும் உண்டு. பொதுவாக, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். அண்டை நாடுகள் சிலவற்றின் சரக்குக்கு மட்டும் சற்றுத் தளர்வு. தக்க காரணமின்றித் தவறினால் தாமதக் கட்டணம் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய்.

சரியான தமிழ்ச்சொல் எது? என் பரிந்துரை ‘ஒருமுனைத் தாக்கல்’. ஒருமுனை என்பது ‘ஒருமுனை விற்பனை வரி’ காலத்திலிருந்தே வணிகர் வாயில் புழங்கும் சொல். ‘தாக்கல்’, உள்ளே நுழைதலைக் குறிக்கும் அரபு ‘தாகில்’ உருது வழியாக வந்து தமிழானது. இரண்டையும் சேர்த்தால் ஐ.நா. வரையறையின் ‘ஒரே நுழைவிடம்’ அப்படியே கிடைக்கிறது. ஒற்றைச் சாளரம் அரசு வழக்கில் வேரூன்றிவிட்டதால் அதை விலக்க வேண்டியதில்லை. அமைப்பின் பெயராக அது இருக்கட்டும், செய்யும் வேலைக்கு இதைச் சொல்லலாம்: ‘ஒருமுனைத் தாக்கல் முடிந்தது, தாவர நோய்த்தடுப்பு இசைவுக்குக் காத்திருக்கிறோம்.’

‘வலைவாசல்’ (வெப் போர்ட்டல்) என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே பக்கத்தில் மூன்று அலுவலகங்களின் இணைப்பைக் கொடுத்து, மூன்றிலும் அதே எடையையும் அதே இன்வாய்ஸ் எண்ணையும் மறுபடி கேட்டால் அது வலைவாசல்தான், ஒருமுனைத் தாக்கல் அல்ல. கப்பல் நிறுவனம், முனையம், ஏஜென்ட் ஆகியோர் தங்களுக்குள் செய்தி பரிமாறும் ‘போர்ட் கம்யூனிட்டி சிஸ்டம்’ வேறு. அதைச் சிலர் ‘துறைமுகச் சமூக அமைப்பு’ என்று எழுதுகிறார்கள். படித்தால் மீனவர் நலச் சங்கம் போலத் தொனிக்கிறது. ‘துறைமுகப் பயனர் தளம்’ என்றால் பொருள் தெளிவு.