மடக்குக் கத்தியில் ஆட்டம் எங்கே பிறக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மடக்குக் கத்தி, தோட்டத்தில் உர மூட்டை, நைலான் கயிறு, மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) உறைந்த கித்தாப் பால், அதாவது ரப்பர் பால் என்று சில மாதம் உழைத்த பிறகு ஆடத் தொடங்கும். உடனே அலகு சுழலும் அச்சு ஆணியின் திருகை இறுக்குவார்கள். அலகு இடவலமாக ஆடினால் அது சரியான வைத்தியம்தான். மேலும் கீழுமாக ஆடினால் திருகை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை, ஏனென்றால் தேய்ந்த இடம் வேறு. அலகின் அடியும், விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டும் ஒன்றையொன்று தொடும் பரப்பு பல கத்திகளில் ஓர் அரிசியளவுகூட இருக்காது. ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது.

கணக்குப் போட்டால் இது புரியும். அச்சு ஆணியிலிருந்து அலகின் முனை 90 மி.மீ. தள்ளி இருக்கிறது, பூட்டு தொடும் இடம் 8 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். விகிதம் ஏறத்தாழ 11. பூட்டு முகத்தில் 0.05 மி.மீ., அதாவது ஒரு மெல்லிய காகிதத்தின் தடிமனை ஈடுசெய்ய வழியில்லாமல் இழந்தால் முனையில் அது அரை மி.மீ.க்கு மேல் ஆட்டமாகத் தெரியும். விசைக்கும் இதே விகிதம்தான். முனையை முதுகுப் பக்கமாக 2 கிலோ எடையளவு அழுத்தினால், அந்த அரிசியளவு பரப்பு 22 கிலோவைத் தாங்க வேண்டும். கத்தி முனையால் டின் மூடியை நெம்பித் திறப்பவர்கள் பூட்டைத்தான் தின்கிறார்கள்.

எல்லாப் பூட்டும் ஒரே மாதிரி தேய்வதில்லை. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த 110 என்ற கத்தியால் பெயர் பெற்றது முதுகுப் பூட்டு. கைப்பிடியின் முதுகில் ஒரு தண்டு ஓடுகிறது. அதன் பல், அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து உட்கார்கிறது. பல்லின் பக்கங்கள் நேராக இருந்தால் தேய்ந்த அளவு அப்படியே இடைவெளியாக நின்றுவிடும், அதை நிரப்ப எதுவும் வராது. இந்த வகைக் கத்தியில் முதலில் தெரிவது மேல்கீழ் ஆட்டம்தான். அந்தச் சிறு ஆட்டத்தோடு கத்தி பல வருடம் பாதுகாப்பாக உழைக்கும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பள்ளத்தில் சேரும் அழுக்குக்கு. விரித்த நிலையில் தண்டின் முதுகு கைப்பிடியோடு சமமாக இருக்க வேண்டும். புதிதில் சமமாக இருந்த தண்டு இப்போது ஒரு மயிரிழை துருத்தி நின்றால், பல் முழுதாக உட்காரவில்லை. அந்தக் கத்தி எப்போது வேண்டுமானாலும் விரல் மேல் மடங்கலாம்.

லைனர் லாக் வேறு தத்துவம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தித் தயாரிப்பாளர் மைக்கேல் வாக்கர் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகட்டை ஒரு பக்கம் வெட்டி வளைத்திருப்பார்கள். அலகு விரிந்ததும் அந்தத் தகடு ஸ்பிரிங் போல உள்ளே பாய்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். அந்த அடி நேராக வெட்டப்பட்டதல்ல. சுமார் 7 அல்லது 8 பாகைச் சரிவு உண்டு. கதவு ஆடாமலிருக்க அடியில் செருகும் ஆப்பு மாதிரி. தேய்ந்தால் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும். 8 பாகைச் சரிவில் 0.14 மி.மீ. தேய்மானத்துக்குத் தகடு 1 மி.மீ. நகரும். ஆட்டம் தெரியாது, தகடு நிற்கும் இடம்தான் மாறும். ஆகவே இதில் பார்க்க வேண்டியது தகட்டின் நிலை. புதிய கத்தியில் தகடு அலகின் அடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏறி நிற்கும். எதிர்ப் பக்கத் தகட்டைப் போய்த் தொட்டுவிட்டால் ஆப்புக்கு நகர இடமில்லை, அதன் பிறகு வருவதெல்லாம் ஆட்டம்.

இந்தச் சரிவில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. 8 பாகைச் சரிவின் விகிதம் 0.14. இரண்டு உலோகங்களுக்கும் இடையிலான உராய்வு எண் அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் ஆப்பு நழுவாமல் நிற்கும். உலர்ந்த எஃகில் இது சிரமமில்லை. எண்ணெய்ப் படலம் வந்துவிட்டால் உராய்வு 0.1 பக்கம் இறங்கக்கூடும். செம்பனைப் பழம் பொறுக்கிய கையோடு கத்தியைத் திறப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கத்திக்கு எண்ணெய் போடும்போதும் அச்சு ஆணிக்குப் போடுங்கள், பூட்டு முகத்துக்குப் போடாதீர்கள்.

குறுக்குக் கம்பிப் பூட்டைப் பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் ஆக்சிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. கடினமாக்கிய சிறு எஃகுக் கம்பியை இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் அலகின் சரிவான அடியை நோக்கித் தள்ளுகின்றன. தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும் குணம் இதற்கும் உண்டு. இங்கே சோர்ந்து முறிவது பெரும்பாலும் அந்த ஸ்பிரிங்தான். ஒன்று முறிந்தாலும் மற்றது வேலை செய்யும், ஆனால் உடனே மாற்றிவிடுவது நல்லது.

இனி உலோகம். தேய்மானம் சுமைக்கும் உரசும் தூரத்துக்கும் ஏற்பக் கூடும், கடினத்துக்கு ஏற்பக் குறையும் என்று ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் 1953இல் ஒரு விதி தந்தார். நல்ல அலகு எஃகு ராக்வெல் சி என்ற கடின அளவில் 58 முதல் 61 வரை இருக்கும். விலை கூடிய பல கத்திகளின் கைப்பிடிச் சட்டமும் பூட்டுத் தகடும் 6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்த டைட்டானியம். அதன் கடினம் 36 பக்கம்தான். துருப்பிடிக்காது, எடை குறைவு, ஸ்பிரிங் போல நன்றாக வளையும். ஆனால் எஃகோடு அழுத்தி உரசினால் டைட்டானியம் ஒட்டிக்கொண்டு பிய்யும். பூட்டை விடுவிக்கும்போது ‘டக்’ என்று சிக்கி விடுபடும் உணர்வு அதனால்தான். அலகின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் ஒட்டிய பூச்சு தெரியும். தற்காலிகமாகப் பென்சில் கரியை அந்த முகத்தில் தேய்த்தால் சிக்கல் குறையும். தயாரிப்பாளர்கள் பூட்டுத் தகட்டின் முனையில் டங்ஸ்டன் கார்பைடைத் தீப்பொறியால் படிய வைக்கிறார்கள். அல்லது கடின எஃகுத் துண்டு ஒன்றைத் திருகிவிடுகிறார்கள். இரண்டாவதே மேல் என்பது நம் கருத்து, தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். மலிவான கத்தியின் மெல்லிய தகடு சரியாகக் கடினமாக்கப்படாமல் வந்தால், அலகின் விளிம்பு அதன் முகத்தைச் செதுக்கிவிடும்.

அச்சு ஆணியைச் சுற்றிய வாஷருக்கும் இதே விதி. பாஸ்பர் வெண்கலம் மெதுவாகத் தேய்ந்து வழவழப்பாகும். டெப்லான் மென்மையானது, இறுக்கினால் நசுங்கும். குண்டு பியரிங் விரல் பட்டதும் சுழலும், கடையில் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஆனால் சுமை முழுவதும் குண்டுகளின் புள்ளிகளில் விழுகிறது. கடின வளையம் இல்லாமல் டைட்டானியத்திலோ மென்தகட்டிலோ அவை நேரே ஓடினால் வட்டமாகப் பள்ளம் பறிக்கும். மண்ணும் உள்ளே புகும். தோட்ட வேலைக்கு வாஷர் வைத்த கத்தியே போதும்.

மண்ணைச் சும்மா சொல்லவில்லை. குவார்ட்ஸ் மணலின் கடினம் விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் 1100 பக்கம், 60 ராக்வெல் எஃகு 700 பக்கம். ஒரு துகள் உள்ளே போனால் எஃகும் கோடு வாங்கும். செம்பனை மட்டையிலேயே சிலிக்கா இருக்கிறது. கித்தாப் பால் வேறு வகை வம்பு. உறையாமலிருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். அது வெண்கல வாஷரைப் பச்சை கட்ட வைக்கும், பித்தளையானால் விரிசலும் விடலாம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் அலகைத் துருவாக்கும், துரு உதிர்ந்து அதுவே அரத்தூள் மாதிரி அரைக்கும்.

பால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கழுவிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காய்ந்துவிட்டால் தண்ணீர் உதவாது. மண்ணெண்ணெயில் சற்று நேரம் ஊறவிட்டால் உப்பிக்கொள்ளும், பல் துலக்கும் பிரஷ்ஷால் உரித்துவிடலாம். பிரிக்க முடியாத ரிவிட் கத்தியானால் மோட்டார் பட்டறையில் காற்றடித்துப் பூட்டுப் பள்ளத்தையும் அச்சையும் ஊதச் சொல்லுங்கள். பிறகு அச்சின் இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் மாதிரி கட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

திருகு வைத்த கத்தியென்றால் வெள்ளைத் துணி விரித்துப் பிரியுங்கள். வாஷர் தரையில் விழுந்தால் கிடைக்காது. அச்சுத் திருகு பல கத்திகளில் டோர்க்ஸ் என்ற நட்சத்திரக் குழி வகையில் டி8 அளவு, உடல் திருகு டி6. திரும்ப மறுத்தால் பலம் காட்டாதீர்கள், நட்சத்திரக் குழி வழுக்கிவிடும். சூடான சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் உள்ளே காய்ந்த பசை இளகும். திரும்பப் பூட்டும்போது திருகின் மரையில் ஊசிமுனையளவு நீல திரெட் லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) வையுங்கள், வாஷரில் படக்கூடாது. அலகு அசையாமல் நிற்கும் வரை இறுக்கி, பிறகு எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி, விரித்து மடக்கிப் பாருங்கள். பூட்டைச் சோதிக்க முதுகை மேசையில் தட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒவ்வொரு தட்டும் பூட்டு முகத்தை நசுக்குகிறது. விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கிவைத்து, முதுகை ஒரு மரக்கட்டை மேல் மெதுவாக அழுத்தினாலே நழுவும் பூட்டு நழுவிக் காட்டும்.