எடை ஏறியதும் சத்துமாவை நிறுத்தலாமா?

அங்கன்வாடியில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு உணவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரி தரும் உணவு இலவசம். ஊட்டச்சத்துக் குறைவு இருந்தால் 800 கலோரி. வருமான வரம்பு கிடையாது.

கூடுதல் 300 எதற்கு? உடம்பு தேற மட்டும் அல்ல. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் டி செல்கள், அதாவது கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்கள், இங்கே வந்துதான் கிருமி எது, சொந்த உடம்பு எது என்று பிரித்தறியப் பழகுகின்றன. உணவு போதாத குழந்தைக்கு இந்தச் சுரப்பி வெகுவாகச் சுருங்கிவிடும். குடலின் உள்சுவரும் மெலிந்து கிருமிக்கு வழிவிடும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். விழுங்கிய கிருமியைக் கொல்லும் திறன்தான் குறைந்திருக்கும். மற்ற குழந்தைக்கு இரண்டு நாளில் நிற்கும் வயிற்றுப்போக்கு இந்தக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாவது இதனால்தான்.

பொலிவியாவில் கடுமையாக மெலிந்த குழந்தைகளின் தைமஸை அல்ட்ராசவுண்டில் தொடர்ந்து பார்த்தார்கள். எடை சுமார் ஒரு மாதத்தில் தேறியது. தைமஸ் தேற இரண்டு மாதம் ஆனது. ஆகவே எடை ஏறியதும் "சரி, தேறிட்டான்" என்று அங்கன்வாடி தரும் அவன் பங்கு சத்துமாவில் வீட்டில் எல்லாருக்கும் கொழுக்கட்டை பிடித்துவிடாதீர்கள்.

குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கன்வாடியில் எடை, உயரம் பார்ப்பார்கள். 5 வயதுக்குள் என்றால் மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளப்பதும் உண்டு, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது நாடாவின் சிவப்புப் பகுதியில் வந்தால், கடும் ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலும் அதேதான். வீக்கத்தைப் பார்த்துப் பூசினாற்போல் இருக்கிறான் என்று ஏமாந்துபோவது சகஜம்.

அத்துடன் பசியே இல்லை, காய்ச்சல் அடிக்கிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்த்துச் சிகிச்சை தருவார்கள். உடன் தங்கும் தாயின் கூலி இழப்புக்கு ஈடு தரவும் அதன் வழிகாட்டு நெறியில் இடம் இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

உரிய உணவு தரப்படாவிட்டால், சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி மாநில அரசு அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணம் தர வேண்டும். புகாரை மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.