அரசு விழா மேடையில் யாருக்கு எந்த இருக்கை? முன்னுரிமைப் பட்டியலைப் படிக்கும் முறை

அரசு விழாக்களில் யாருக்கு அடுத்து யார் என்பதற்கு அடிப்படை ஆவணம், குடியரசுத் தலைவர் செயலகம் 26.7.1979 அன்று வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியல். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் உள்ளது. மொத்தம் 26 வரிசை எண்கள். பின்னால் சேர்த்தவற்றுக்கு 5ஏ, 7ஏ, 9ஏ என்று எண் கொடுத்திருக்கிறார்கள். பாரத ரத்னா பெற்றவர்கள் 7ஏ.

இது விழாக்களுக்கு மட்டுமே, அன்றாட அரசுப் பணிக்குப் பொருந்தாது என்று பட்டியலின் முதல் குறிப்பே சொல்கிறது. வரிசையில் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவருக்கு மேலதிகாரி ஆகிவிட மாட்டார்.

முதல் மூன்று இடங்கள் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர். இதில் குழப்பமே இல்லை. தவறு நடப்பது அதற்குக் கீழேதான். காரணம், பல பதவிகளின் எண் விழா நடக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். ஆளுநர் தம் மாநிலத்துக்குள் 4, வெளியே போனால் 8. முதலமைச்சர் உள்ளே 7, வெளியே 8. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தம் எல்லைக்குள் 14, வெளியே 17. மாநில கேபினட் அமைச்சர் உள்ளே 15, வெளியே 18. அதனால் பட்டியலை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது விழா எந்த மாநிலத்தில் என்பதைத்தான்.

சென்னையில் ஒரு விழா என்று வைத்துக்கொள்வோம். ஆளுநர் முதலில். அடுத்து முதலமைச்சர். மத்திய கேபினட் அமைச்சருக்கும் எண் 7தான் என்றாலும், தம் மாநிலத்தில் நடக்கும் அரசு விழாவில் முதலமைச்சரே முந்துவார் என்று பட்டியலின் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. மத்திய அமைச்சர் டெல்லியிலிருந்து வருகிறார் என்று அவரை முன்னே போடுவது தவறு. பிறகு மத்திய இணை அமைச்சர், துணை முதலமைச்சர். இருவரும் எண் 10, இதே வரிசையில். அடுத்து சட்டப்பேரவைத் தலைவரும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும். இருவருக்கும் எண் 14. பின்னர் மாநில அமைச்சர்கள், உயர் நீதிமன்ற நீதிபதிகள் (17), நாடாளுமன்ற உறுப்பினர்கள் (21), தலைமைச் செயலாளர் (23).

ஒரே எண்ணில் இருவர் இருந்தால், தனிக் குறிப்பு ஏதும் இல்லாத இடங்களில், அந்த எண்ணுக்குள் முதலில் வந்தவர் முன்னால். பொறுப்பேற்ற தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர், மேயர், மாவட்ட ஆட்சியர் ஆகியோர் மத்தியப் பட்டியலில் இல்லை. இவர்களுக்கு மாநில அரசின் உத்தரவைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறையிடம் (Public Department) கேட்கலாம்.

அதிக மனவருத்தம் வருவது நாடாளுமன்ற உறுப்பினர் விஷயத்தில். அந்தப் பகுதி எம்.பி.யைக் கட்டாயம் அழைக்க வேண்டும், வருவதாக உறுதி சொன்னால் அழைப்பிதழில் பெயர் இடம்பெறலாம் என்று மத்திய பணியாளர் துறையின் 1.12.2011 தேதியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொகுதி இரண்டு மாவட்டங்களில் விரிந்திருந்தால் இரண்டிலும் அழைக்க வேண்டும். மத்திய அரசுச் செயலாளரே வந்திருந்தாலும் எம்.பி.க்கு அடுத்துத்தான் அவருக்கு இருக்கை. அதிகாரிகளை முன்வரிசையில் நிரப்பிவிட்டு, மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஓரத்தில் உட்கார வைப்பது அவருக்கு மட்டுமல்ல, தொகுதிக்கே செய்யும் அவமரியாதை.

இனி நாற்காலி போடும் முறை. நடு இருக்கை வரிசையில் முதலில் இருப்பவருக்கு. இரண்டாமவர் அவருக்கு வலப்பக்கம், மூன்றாமவர் இடப்பக்கம், இப்படியே மாறி மாறி. வலம் என்பது மேடையில் அமர்ந்திருப்பவரின் வலம். பந்தலில் நின்று பார்த்துப் பெயர்ப்பலகை வைப்பவர்கள் இரண்டாமவரையும் மூன்றாமவரையும் இடம் மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மேடைமீது ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வையுங்கள். வரவேற்புரையில் பெயர்கள் மேலிருந்து கீழாக வரும். பேசுவது பெரும்பாலும் கீழிருந்து மேலாக, முதன்மை விருந்தினர் கடைசியில்.

ஒருவர் வர முடியாமல் பிரதிநிதியை அனுப்பினால், வருபவர் தம் சொந்தப் பதவிக்குரிய இடத்தில்தான் அமர்வார். அனுப்பியவரின் நாற்காலி அவருக்கு வராது. அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, மற்றவர்களை உள்ளே நகர்த்திப் பெயர்ப்பலகைகளைப் புதிதாக அடுக்க வேண்டும். இதற்காகவே ஒருவரை மேடையருகே நிறுத்தி, அவர் கையில் வரிசைத்தாளின் திருத்திய பிரதியைக் கொடுத்து வையுங்கள். வரவேற்புரை வாசிப்பவரிடமும் அதே பிரதி இருக்க வேண்டும்.