பேலன்ஸ்டு: 'சமநிலை' அல்ல, 'சமன்செய்த'

போன சனிக்கிழமை, பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் ஒரு ஆடியோ கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கிளம்பினார். திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். "சமநிலையற்ற கேபிளாம்ப்பா, வீடியோவில் சொன்னாங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆர்.சி.ஏ. (நடுவில் ஒரு முனை, சுற்றி வளையம் உள்ள பிளக்), மறுபக்கம் எக்ஸ்.எல்.ஆர். (மூன்று பின் உள்ள பிளக்). "ம்ம்ம்னு ஹம் சத்தம் வருதாண்ணே?" என்றேன். வரவில்லையாம்.

நல்ல கேபிளைக் கோளாறு என்று நினைக்கவைத்தது ஒரு மொழிபெயர்ப்பு. அன்பேலன்ஸ்டு என்பதைச் 'சமநிலையற்ற' என்று சொல்வதை எத்தனை முறைதான் கேட்பது?

பேலன்ஸ் என்ற சொல் லத்தீனில் இரண்டு தட்டுள்ள தராசிலிருந்து வந்தது. வேர் அவ்வளவுதான். கேபிளில் அந்த இரண்டு தட்டு எவை என்பதுதான் கேள்வி. பேலன்ஸ்டு கேபிளில் உலோக உறைக்குள் இரண்டு வயர் ஓடும். கிரவுண்டை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு உள்ள தடை, ஒன்றாக இருக்கும்படி கருவிகளை அமைத்திருப்பார்கள். அதனால் வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறும். சிக்னலை வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். பொதுவாக ஏறியது கழிந்துபோகும். ஆர்.சி.ஏ.யில் ஒரு வயர்தான். திரும்பும் வழி உறையே.

இதில் 'நிலை' எங்கே வந்தது? சமநிலை என்றால் ஒரு பொருள் ஆடாமல் நிற்பது. ஈக்விலிப்ரியத்துக்கு அந்தச் சொல்லைப் பாடப்புத்தகத்தில் எப்போதோ கொடுத்துவிட்டோம். கேபிளில் எதுவும் நிற்கவில்லை. 'அற்ற' சேர்ந்தால் இன்னும் மோசம். மனநிலை சரியில்லாதவரைச் சொல்வதுபோல ஒலிக்கிறது. 'ஈரிழை' என்கிறார்கள் சிலர். கேட்க அழகுதான், ஆனால் இரண்டு வயர் இருந்தால் மட்டும் பேலன்ஸ்டு ஆகிவிடாது. இரண்டும் ஈடாக இருக்க வேண்டும். 'சம' வடசொல், 'நிகர்' போடுங்கள் என்பார் தனித்தமிழ் நண்பர். நிகர லாபம், நிகர எடை என்று பழகிய காதில் 'நிகர கேபிள்' வேறு பொருள் தரும். இந்த இடத்தில் எனக்குத் தெளிவுதான் முக்கியம்.

சரியான சொல் குறளிலேயே இருக்கிறது. 118-ம் குறள், 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று தராசைத்தான் சொல்கிறது. சமன்செய்த கேபிள், சமன்செய்யாத கேபிள். 'செய்யாத' என்பது குறை சொல்லவில்லை. அந்த வேலையைச் செய்யவில்லை என்கிறது, அவ்வளவே. வீட்டில் ஒன்றிரண்டு மீட்டருக்குப் பெரும்பாலும் அது தேவையும் இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் இந்தச் சொல் தானாக வாயில் வரும். அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்களால், பாவம், கடைக்கும் வீட்டுக்கும் அலைவது வாங்கியவர்.

அண்ணனிடம் கேபிளைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னால் எப்போதாவது ஹம் வந்தால், உறைக்குள் இரண்டு வயர் உள்ளதாக ஒன்று செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்: ஆர்.சி.ஏ.யின் நடுமுனை 2-ம் பின்னுக்கு, வெளிவளையம் இரண்டாவது வயர் வழியாக 3-ம் பின்னுக்கு, உறை 1-ம் பின்னுக்கு. பையின் மேலேயே எழுதி வாங்கிக்கொண்டார்.