புரோசோபக்னோசியா: தமிழில் எப்படிச் சொல்வது?

பெற்ற தாய் எதிரே நிற்கிறாள். கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அவள் சிரிக்கிறாளா, சினந்திருக்கிறாளா என்பதுகூடப் பெரும்பாலும் தெரிகிறது. அது அம்மாவின் முகம் என்பது மட்டும் பிடிபடவில்லை. "சாப்பிட்டியா?" என்று அவள் கேட்டதும் ஆள் யாரென்று விளங்கிவிடுகிறது. இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் புரோசோபக்னோசியா.

1947இல் ஜெர்மன் நரம்பியலாளர் யோவாகிம் போடாமர் உருவாக்கிய சொல் இது. தலையில் குண்டடிபட்டுப் பிழைத்த 24 வயது இளைஞர் ஒருவருக்கு உறவினர், நண்பர் முகங்களும் தன் முகமுமே அடையாளம் தெரியாமல் போனதை அவர் பதிவு செய்தார். கிரேக்கத்தில் 'புரோசோபோன்' என்றால் முகம். கண்ணுக்கு எதிரே இருப்பது என்பது அதன் வேர்ப்பொருள். 'அக்னோசியா' என்றால் அறியாமை. அதை 1891இல் மருத்துவச் சொல்லாக்கியவர் சிக்மண்ட் பிராய்ட். 'க்னோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் 'ஞானம்' என்ற வடசொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே அக்னோசியாவும் அஞ்ஞானமும் உறவுக்காரச் சொற்கள்தாம்.

மூளையின் அடிப்பக்கத்தில், காதை ஒட்டிய பகுதியில், நூல் நூற்கும் கதிரைப் போன்ற ஒரு மடிப்பு இருக்கிறது. முகங்களைப் பார்க்கும்போது அதில் ஓரிடம் தனியாகச் சுறுசுறுப்படைவதை 1997இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ, குறிப்பாக வலப்பக்கத்தில், இப்பகுதி பழுதானால் முகம் பிடிபடாமல் போகலாம். எந்தக் காயமும் இல்லாமல் பிறவியிலேயே இப்படி இருப்போரும் உண்டு. சில குடும்பங்களில் தலைமுறையாக வருகிறது. நாம் முகத்தைத் துண்டு துண்டாக அல்ல, முழு வடிவமாகவே உள்வாங்குகிறோம். தெரிந்தவரின் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் நமக்கே தடுமாறுவது அதனால்தான்.

சரி, தமிழில்? 'முகக்குருடு' என்ற சொல் 'நிறக்குருடு' என்பதன் அச்சில் வார்த்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறக்குருட்டில் பெரும்பாலும் பழுது விழித்திரையில் இருக்கிறது. இங்கே கண் நன்றாகவே பார்க்கிறது. குருடு என்பது மனிதரைப் புண்படுத்தும் சொல்லும்கூட.

'முகமறியாமை' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 'முகமறியா நண்பர்' என்று நேரில் பார்த்திராதவரைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. நோயின் பெயர் அதோடு குழம்பும்.

என் தேர்வு 'முகம் இனங்காணாமை'. இனங்காணுதல் என்றால் பலவற்றுள் இன்னது இது என்று பிரித்தறிதல்; இவர்களிடம் தடைப்படுவது சரியாக அந்தச் செயல்தான். அன்றாடப் பேச்சுக்கு 'முகம் பிடிபடாமை' போதும், பாட்டிக்கும் புரியும்.

நல்ல தமிழ்ச்சொல் இருப்பது இவர்களுக்கு மிகவும் தேவை. தெருவில் எதிர்ப்பட்டவரைக் கவனியாமல் போனால் "பார்த்தும் பார்க்காத மாதிரி போறான்", "முகங்கொடுத்துப் பேசமாட்டேங்கிறா" என்ற பழி வந்துவிடும். நரம்பியல் எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸுக்கும் இக்குறை இருந்தது. கண்ணாடியில் தெரிந்த தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அது தானே என்று பிறகு உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். நடை, குரல், முடி, உடை ஆகியவற்றை வைத்தே இவர்கள் ஆட்களைக் கண்டுகொள்கிறார்கள்; முடியை வெட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பிடியும் போய்விடும். கல்யாண வீட்டில் "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று அன்பாகத்தான் கேட்கிறோம். இவர்களிடம் "நான் செல்வி, உங்க பெரியம்மா பொண்ணு" என்று நாமே தொடங்கிவிடலாம்.