உங்கள் கணக்கில் அடுத்தவர் கைவைக்கலாம்: ஜெர்மனியில் பணம் நகரும் விதம்

ஜெர்மனிக்காரர்கள் ரொக்கப் பிரியர்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய் இல்லை. அந்நாட்டு மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் 2023இல் நடத்திய ஆய்வில், அன்றாடம் பணம் கொடுக்கும் தருணங்களில் 51 சதவீதம் நோட்டும் சில்லறையுமாகவே இருந்தது. ஆனால் வாடகை, மின்கட்டணம், ஜிம், போன் பில் என்று மாதாமாதம் போகும் செலவுகளுக்கு அங்கே இருக்கும் வழிதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. பெயர் லாஸ்ட்ஷ்ரிஃப்ட். நீங்கள் பணம் அனுப்புவதில்லை, கம்பெனி வந்து உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபி வராது. 'என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்' என்று ஒரு படிவத்தில் சம்மதம் கொடுத்து, ஐபான் எனப்படும் கணக்கு எண்ணை எழுதினால் போதும். அந்தப் படிவம்கூட உங்கள் வங்கிக்குப் போவதில்லை, கம்பெனியிடமே இருக்கும். அப்படியானால் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே? நியாயமான கேள்விதான். இங்கே பாதுகாப்பு வாசலில் இல்லை, பின்னால் இருக்கிறது. பணம் போன நாளிலிருந்து 8 வாரத்துக்குள் 'திருப்பிக் கொடு' என்று நீங்கள் சொன்னால், உங்கள் வங்கி காரணம் கேட்காமல் திருப்பித் தர வேண்டும். சம்மதமே கொடுக்காமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை கேட்கலாம். அந்தத் தொகையை உங்கள் வங்கி எடுத்தவருடைய வங்கியிடம் வசூலித்துவிடும், அந்த வங்கி தன் வாடிக்கையாளரிடம். வாடிக்கையாளர் கம்பி நீட்டிவிட்டால் நஷ்டம் அந்த வங்கிக்குத்தான் என்பதால், முன்பின் தெரியாதவருக்கு இப்படி வசூலிக்கும் வசதியை எந்த வங்கியும் சுலபமாகக் கொடுத்துவிடாது. போதாததற்கு, வசூலிப்பவர் புண்டஸ்பாங்கிடம் தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும், அது உங்கள் ஸ்டேட்மென்டிலும் அச்சாகும். (பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம்காரர் கட்டணத்தோடு அபராதமும் சேர்த்துக் கேட்பார்.)

கடையிலும் இதே விஷயம் வேறு வேஷத்தில் வரும். கிரோகார்ட் என்பது அந்நாட்டு டெபிட் கார்டு, பழைய பழக்கத்தில் இன்னும் பலர் 'இ.சி. கார்டு' என்றே சொல்வார்கள். அதே கார்டு, அதே மெஷின், ஆனால் ஒரு கடையில் பின் நம்பர் கேட்கும், இன்னொரு கடையில் ரசீதில் கையெழுத்துக் கேட்கும். பின் போட்டால் மெஷின் அந்த நொடியே உங்கள் வங்கியிடம் கேட்டு உறுதி வாங்கிவிடுகிறது, கடைக்காரருக்குப் பணம் நிச்சயம். கையெழுத்துப் போட்டால் நீங்கள் கொடுப்பது லாஸ்ட்ஷ்ரிஃப்ட் சம்மதம். கணக்கில் பணம் இல்லாவிட்டால் கடைக்காரர் பாடு திண்டாட்டம். இந்தக் கையெழுத்து வழி வங்கிக் கட்டணத்தை மிச்சப்படுத்துகிறது என்பதால்தான் தெரிந்தே அந்த ஆபத்தை ஏற்கிறார்கள்.

எல்லாம் ஐபானை நம்பி நடப்பதால், அதில் ஒரு இலக்கம் தப்பினால்? அதைப் பிடிக்க ஒரு வகுத்தல் சோதனை வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் ஐபானில் 22 இடங்கள்: டி, இ என்ற நாட்டு எழுத்துகள், 2 சரிபார்ப்பு இலக்கங்கள், 8 இலக்க வங்கி எண், 10 இலக்கக் கணக்கு எண். விளக்கத்துக்காகப் பல இடங்களில் காட்டப்படும் மாதிரி எண், டிஇ89 3704 0044 0532 0130 00. முதல் நான்கு இடங்களைத் தூக்கிக் கடைசியில் வையுங்கள், டிக்கு 13, இக்கு 14 என்று போடுங்கள். கிடைப்பது 370400440532013000131489. இதை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வருகிறது. ஏன் 97? அது பகா எண். ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிவிட்டாலோ மீதி கட்டாயம் மாறிவிடும், வங்கியின் கணினி அங்கேயே நிறுத்திவிடும்.

ஆனால் எண் சரியா என்றுதான் இது பார்க்கும், ஆள் சரியா என்று பார்க்காது. லாஸ்ட்ஷ்ரிஃப்டில் ஏமாந்தால் திரும்ப வாங்கலாம், நாமாக அனுப்பிய பணம் அப்படித் திரும்பாது. அதிலும் 10 நொடிக்குள் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றத்தை யூரோ நாட்டு வங்கிகள் அனுப்பித் தந்தாக வேண்டும் என்று 2025 அக்டோபரில் கட்டாயமாகிவிட்டது. அதனால் கூடவே இன்னொரு கட்டாயமும் வந்தது: பணம் கிளம்புவதற்கு முன், நீங்கள் எழுதிய பெயரும் கணக்குக்காரர் பெயரும் ஒத்துப்போகிறதா என்று வங்கி இலவசமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒத்துப்போகவில்லை என்று வந்த பிறகும் அனுப்பலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அப்புறம் பணம் வேறு ஆளிடம் போய்விட்டால் வங்கி பொறுப்பேற்காது, அவ்வளவுதான்.